நான்காம் வேற்றுமைச் சீக்கு

"ஒட்னி, உன் பாட்டுக்குச் சீக்கு வந்திருக்காமே, டாக்டர்கிட்ட காட்டினியா?"

கேட்டவன் ஒரு பல் டாக்டர். கேட்ட இடம் எங்கள் பேட்டை நீச்சல் குளத்தின் வெந்நீர்த் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை. தலைக்கு மேல் பனி கொட்டுகிறது, கழுத்து வரை வெந்நீரில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் தலைநகரம் ரெய்க்யவிக்கில் யாருடைய மானம் போனாலும் இந்தத் தொட்டியில்தான் முதலில் போகும். அதுவரை மற்றவர்கள் மானம் போவதை வசதியாகச் சாய்ந்துகொண்டு ரசித்தவள்தான் நானும்.

"என்ன சீக்கு?" என்றேன்.

"ரேடியோல வாராவாரம் எங்களைக் கரிச்சுக் கொட்டுவியே, அதே சீக்குதான். நேத்து டி.வி.ல நாடே பார்த்துச்சு. 'எனக்கு ஏங்குதே'ன்னு மூணு தரம் பாடினான் உன் ஆளு. நான் எண்ணினேன்."

"நாலு தரம்," என்றாள் பக்கத்தில் இருந்த தபால்காரி. "கடைசியில இழுத்தானே, அதை விட்டுட்டியே."

தொட்டி முழுக்கச் சிரிப்பு. நான் எழுந்து ஓடவில்லை. எழுந்தால் நனைந்த நீச்சலுடையில் பனியில் இருபது அடி நடக்க வேண்டும், அத்தனை கண்ணும் என் முதுகில் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முந்தைய நாள்தான் என் பாட்டு ஜெயித்திருந்தது. அந்த வருடம் ஐரோப்பியப் பாடல் போட்டிக்கு எங்கள் நாட்டிலிருந்து போகும் பாட்டு அதுதான் என்று முடிவாகியிருந்தது. வார்த்தையும் மெட்டும் என்னுடையவை. பாடியவன் கோல்பெய்ன், மேற்குக் கடற்கரையில் ஒரு மீன் ஆலையில் வேலை பார்ப்பவன், இருபத்துநாலு வயது. முந்தின கோடையில் அவனுடைய ஊர் மீனவர் தின விழாவில் அவன் பாடிக் கேட்டேன். கயிறு இழுக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தது. இவன் குரல் எழுந்ததும் இரண்டு பக்கத்து ஆட்களும் கயிற்றை விட்டுவிட்டு நின்றார்கள். அப்படிப்பட்ட குரல்.

பல்லவி இதுதான்: "என்னை ஏங்குதே கரை சேர." எங்கள் மொழியில் ஏக்கம் வந்து மனிதனைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே "என்னை" ஏங்குகிறது என்பதுதான் சரி. இரண்டாம் வேற்றுமை. "எனக்கு ஏங்குகிறது" என்பது உங்கள் காதுக்கு இயல்பாகக்கூட இருக்கலாம். எங்கள் ஊரில் அதற்கு நான்காம் வேற்றுமைச் சீக்கு என்று பெயர். அந்தச் சீக்கு வந்தவனுக்கு நல்ல வேலை கிடைக்காது. கிடைத்தாலும் மேலதிகாரி அவன் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவார். முப்பது வருடமாக உயர்நிலைப் பள்ளியில் இந்தச் சீக்குக்கு வைத்தியம் பார்த்தவள் நான். போதாதென்று வாரம் ஐந்து நிமிடம் வானொலியில் வேறு.

அரங்கில் எனக்கு அது காதில் விழவேயில்லை. கைதட்டல் சத்தத்தில் போயிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை பத்திரிகையில் ஏழு கடிதங்கள். செவ்வாயன்று பதினொன்று. வானொலிக்குத் தொலைபேசியில் பேசியவர்கள் எல்லாரும் ஒரே பல்லவிதான். ஒரு ஓய்வு பெற்ற பாதிரியார், "வாத்தியாரம்மா பாட்டிலேயே இந்த லட்சணம் என்றால் வகுப்பில் என்ன கற்றுக்கொடுக்கிறாள்?" என்று கேட்டார். வகுப்பறைக் கரும்பலகையில் என் மாணவர்கள் பெரிதாக "எனக்கு" என்று எழுதிவைத்துவிட்டு முகத்தைப் பிள்ளைப்பூச்சி மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கையெழுத்துப் போட்டு, போட்டியை நடத்திய ஒளிபரப்பு நிலையத்துக்குக் கொடுத்த தாளில் "என்னை" என்றுதான் இருந்தது. அதை எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வியாழக்கிழமை வானொலியில் என் ஐந்து நிமிடம் வந்தது. எழுதி வைத்திருந்ததைத் தள்ளிவிட்டு மனதில் இருந்ததைக் கொட்டினேன். கடைசி வாக்கியம் இது: "மீன் வெட்ட மட்டும் தெரிந்தவனிடம் மொழியைக் கொடுத்தது என் தவறு."

சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், இனித்தது.

அதன்பின் நாடு இரண்டாகப் பிளந்தது. தலைநகரத்துக்காரர்கள் கோல்பெய்னை மாற்றச் சொன்னார்கள். மேற்குக் கடற்கரைக்காரர்கள் என்னை நாடு கடத்தச் சொன்னார்கள். பள்ளி முகவரிக்கு எனக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு காய்ந்த மீன் தலை, அதன் வாயில் ஒரு சீட்டு: "என்னை வெட்டத் தெரியுமா?" வேற்றுமை சரியாக இருந்தது என்பதைக் கவனித்தேன். தலைமையாசிரியர் ஜன்னலைத் திறந்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலே, "இது முடியட்டும், ஒட்னி" என்றார்.

கோல்பெய்னுக்கு நடந்தது இதைவிட மோசம். பாட்டுக்காக மூன்று மாதம் விடுப்பு கேட்டவனுக்கு ஆலையில், போனால் திரும்பி வராதே என்று சொல்லியிருந்தார்கள். அவன் போட்டி மேடைக்காக அதையும் விட்டுவிட்டு வந்தவன். இங்கே கடையில் பால் வாங்கப் போனால்கூட, "உனக்கு ஏங்குதா, உன்னை ஏங்குதா?" என்று கேட்டார்களாம். போட்டி நடக்கப்போகும் ஊரில் ஒரு ஆத்மாவுக்கும் இந்த இரண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கே அவன் குரல் மட்டும்தான் கேட்கும். ஆனால் அங்கே அவன் போக வேண்டுமே.

நிலையத்தில் பாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் ஹியால்டி. எல்லாரிடமும் நல்ல பேர் வாங்கியே பழகியவன். அவன் கோல்பெய்னிடம், "வார்த்தையை மாத்திப் பாடிடு, முடிஞ்சுது" என்றான். கோல்பெய்ன் மாற்றிப் பாடத் தயார் என்றான். ஒரே ஒரு நிபந்தனை: மீன் வெட்டுகிறவன் என்று வானொலியில் சொன்னதை நான் வானொலியிலேயே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாடமாட்டான்.

"தப்புப் பண்ணினவன் நிபந்தனை போடறானா?" என்று ஹியால்டியிடம் கத்தினேன். "ஹால்பேராவைப் பாட வை. அவளுக்காவது வேற்றுமை தெரியும்." ஹால்பேரா இரண்டாவதாக வந்தவள். அகராதித் தொகுப்பாளர் ஒருவரின் மகள். நாக்கு சுத்தம், குரல் தண்ணீர்.

மறு வியாழன் காலை பத்து மணிக்கு நிலையத்தில் கூடி முடிவு செய்வது என்று ஆயிற்று.

அதற்கு முந்தைய நாள், புதன்கிழமை மதியம், பள்ளி முடிந்து கார் கண்ணாடியிலிருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பின்னால் கோல்பெய்ன் வந்து நின்றான். கம்பளிச் சட்டை, தொப்பி இல்லை, தலைமுடியில் பனி.

எங்கள் நாட்டில் ஜனாதிபதியைக்கூடப் பெயர் சொல்லி "நீ" என்றுதான் பேசுவோம். "நீங்க" என்று ஒருவரைக் கூப்பிட்டால் உறவு அறுந்தது என்று பொருள். நான் அவனை அப்படிக் கூப்பிட்டேன்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

அடி வாங்கியவன் மாதிரி அவன் கண்ணைச் சுருக்கினான். "ஓகோ. அப்படியா. சரி, வச்சுக்கோ." சட்டைக்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்தான். "நவம்பர்ல உன் சமையலறையில பதிஞ்சது. இதைக் கேட்டுத்தான் பாட்டைப் படிச்சேன்."

"அதுக்கு?"

"கேளு. கேட்டுட்டு நாளைக்கு வா."

"நீங்க மிரட்டறீங்களா?"

"மிரட்டணும்னா பத்திரிகைக்காரன்கிட்ட குடுத்திருப்பேன். அவனுங்கதான் வாசல்லயே நிக்கறானுங்களே. உன்னை நாறடிக்கறது எனக்கு வேண்டாம். நீயா சொன்னாப் போதும்."

"வேற காப்பி வச்சிருக்கீங்களோ?"

"இல்ல. இது ஒண்ணுதான்," என்றான். கேட்ட கேள்விக்கு நேரான பதில், அவ்வளவுதான். அந்த நேர்மையைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு கார்க் கதவை அறைந்து சாத்தினேன். அவன் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனான்.

காரிலேயே போட்டுக் கேட்டேன். முதலில் நாற்காலி இழுபடும் சத்தம், காப்பிப் பாத்திரம் கொதிக்கும் சத்தம். பிறகு என் குரல் பாட ஆரம்பித்தது. முதல் நாலு வரி ஒழுங்காகப் போயிற்று. பல்லவி வந்தது.

"எனக்கு ஏங்குதே கரை சேர."

என் குரல். தெளிவாக, அழுத்தம் திருத்தமாக, ஒரு தயக்கம் இல்லாமல். இரண்டாவது தடவையும் அதேதான். நிறுத்தினேன்.

நான் கிழக்கே ஒரு ஆட்டுப் பண்ணையில் பிறந்தவள். என் அப்பா சாகும்வரை "எனக்கு ஏங்குது" என்றார், "எனக்குத் தாகிக்குது" என்றார், எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாரும் அப்படித்தான். பதிமூன்று வயதில் விடுதிப் பள்ளிக்கு வந்த முதல் வாரம், சாப்பாட்டுக் கூடத்தில் நூறு பேருக்கு நடுவில் எழுந்து நின்று, "என்னை, என்னை, என்னை" என்று ஐம்பது முறை சொல்ல வைத்தார்கள். மற்ற பெண்கள் கரண்டியால் மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள். அன்றைக்கு என் நாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு நாக்கு வைத்துக்கொண்டேன் என்றுதான் நாற்பது வருடமாக நினைத்திருந்தேன். சமையலறையில், வேலை முடிந்த களைப்பில், எனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் பாடும்போது அந்தப் பழைய நாக்கு எழுந்து வந்திருக்கிறது. என் காதும் அதற்குக் கூட்டு.

வெட்கப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான். நான் பட்டது பயம். கரண்டிச் சத்தம் கேட்டது. தொட்டியில் பல் டாக்டரின் முகம் தெரிந்தது. வானொலியில் பாதிரியார் பேசுவது கேட்டது. கேசட்டை வெளியே எடுத்தேன், நாடாவில் விரலைக் கொடுத்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. மடி நிறைந்து, கியர் கம்பியில் சுற்றி, கால் மேல் விழுந்தது. எல்லாவற்றையும் சுருட்டி, துண்டு துண்டாகக் கத்தரித்து, பள்ளிச் சமையல்கூடத்துக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் அமுக்கினேன். அன்று மாலையே குப்பை வண்டி வந்து எடுத்துப்போயிற்று.

வியாழன் காலை பத்து மணிக்கு ஹியால்டியின் அறையில் நாலு பேர். ஹியால்டி, ஹால்பேரா, கோல்பெய்ன், நான். கோல்பெய்ன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். நான் உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையைப் பார்க்கச் சகிக்காமல் காப்பி ஊற்றிக்கொண்டேன்.

"ஒட்னி, ரேடியோல சொன்னதைத் திரும்ப எடுத்துக்கறியா?" என்று கேட்டான் ஹியால்டி.

நான் காப்பியில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினேன். கோல்பெய்ன் காத்திருந்தான்.

"அப்போ பேச்சுக்கே இடமில்ல," என்றாள் ஹால்பேரா. "போட்டிக்கு நான் போறேன். மூணு மாசத்துல அந்த வார்த்தையை இவன் வாயிலேர்ந்து எடுக்க முடியாது. ரத்தத்துல இருக்கு. மீன் ஆலையில யாரு வேற்றுமை சொல்லித் தர்றாங்க? இவனைக் குத்தம் சொல்லவே கூடாது, பாவம், வளர்ப்பு அப்படி."

அந்தப் "பாவம்" என்னைச் சுட்டது. என் அப்பாவைச் சொன்ன மாதிரி இருந்தது.

"தப்பு என்னோடது," என்றேன்.

மூவரும் திரும்பினார்கள்.

"நான்தான் தப்பாப் பாடிக் குடுத்தேன். கேசட்டுல என் குரல்தான். நேத்து கேட்டேன். 'எனக்கு'ன்னுதான் பாடியிருக்கேன். அவன் நான் குடுத்ததைப் பாடினான், அவ்வளவுதான். இன்னிக்கே ரேடியோல சொல்றேன்."

கோல்பெய்ன் மூச்சை விட்டான். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. ஹியால்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தான்.

"ஒட்னி, ஒட்னி. உனக்குப் பெரிய மனசுதான். ஆனா ரேடியோல வேணாம். நம்ப மாட்டாங்க. நீயாவது, 'எனக்கு'ன்னு சொல்றதாவது! சொன்னா, நிலையம்தான் உன் கையை முறுக்கிச் சொல்ல வச்சுதுன்னு எழுதுவாங்க."

"நான் பொய் சொல்லலை."

"சரி, அந்தக் கேசட்டைக் குடு. நாளைக்கு மதியம் வரைக்கும் பேர்ப் பட்டியலை மாத்தலாம். கேசட்டை ரேடியோல ஒரு தரம் போட்டா ஊரே வாயை மூடிக்கும். இவனும் போவான், நீயும் தலைநிமிர்ந்து நடக்கலாம்."

"கேசட் இல்ல."

"எங்க?"

"அழிச்சுட்டேன்."

ஹால்பேரா குழந்தையைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தாள். "எவ்வளவு நல்லவ பாருங்க," என்றாள் ஹியால்டியிடம். "மாணவனுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறா."

"அவன் என் மாணவன் இல்ல!" என்று மேசையைத் தட்டினேன். காப்பி சிந்தியது. "குப்பைத் தொட்டியில போட்டேன்னு சொல்றேன். பயந்து போட்டேன். அவன்கிட்ட கேளு, அவன்தான் கொண்டுவந்து குடுத்தான்!"

"குடுத்தேன்," என்றான் கோல்பெய்ன்.

"நீ அப்படித்தான் சொல்லுவே," என்றான் ஹியால்டி. பட்டியலை எடுத்து ஹால்பேராவின் பெயரை எழுதினான். கோல்பெய்னுக்கு நேராகக் கை நீட்டி, நல்லபடியாகப் போய்வா என்றான். கோல்பெய்ன் அந்தக் கையைத் தொடவில்லை. எழுந்து போய்விட்டான்.

சனிக்கிழமைப் பத்திரிகையில் என் படம் வந்தது. "பழியை ஏற்க முன்வந்த ஆசிரியை" என்று தலைப்பு. பாதிரியார் மன்னிப்புக் கடிதம் எழுதினார். தொட்டியில் பல் டாக்டர் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்த வியாழக்கிழமையே, நிலையத்தின் படிக்கட்டில் இறங்கி ஓடி கோல்பெய்னைப் பிடித்தேன். வாசலில் நின்று கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"சொன்னேன், கோல்பெய்ன். நீயும் கேட்டே. சொன்னேன்ல."

"சொன்னே."

"அவங்க நம்பலைன்னா நான் என்ன பண்ண?"

ஒரு கையுறையை மாட்டி முடித்தான். பிறகு கேட்டான்: "கேசட்டை முழுசாக் கேட்டியா?"

"பல்லவி வரைக்கும்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல கேட்க முடியலை."

"அதுக்கப்புறம் நான் பாடினது இருந்துச்சு," என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. "நான் 'என்னை'ன்னுதான் பாடினேன். எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நீ பாதியில நிறுத்தச் சொன்னே. 'என்னை'தானே வரணும்னு கேட்டேன். அதுவும் அதுல இருந்துச்சு."

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அங்கேயே நின்றேன். நவம்பர் மாதத்துச் சமையலறை எனக்கு முழுசாகத் திரும்பி வந்தது. அடுப்பில் காப்பி பொங்குகிறது, நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணியைத் தேடுகிறேன், அவன் பாடுகிறான், ஏதோ மாறியிருக்கிறது என்பது மட்டும் காதில் படுகிறது. என்ன மாறியது என்று கேட்க நான் நிற்கவில்லை. அவன் மாற்றியது எதுவானாலும் தப்பாகத்தான் இருக்கும். அவன் கேட்ட கேள்வியையும் காதில் வாங்காமல், "இலக்கணத்தை என்கிட்ட விடு. நான் பாடினதை அப்படியே பாடு, ஒரு எழுத்து மாறக்கூடாது," என்கிறேன். அவன் மறுபடி பாடுகிறான், நான் பாடினபடியே, ஒரு எழுத்து மாறாமல்.

"ஆங், இப்பத்தான் சரி," என்றேன்.